தெரு முழுக்கக் கேட்ட படிப்பு

என் அண்ணனுக்குக் கண்ணைவிடக் காதுதான் கூர்மை. மாவு மில் வைத்திருந்தவர். மில் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூட நமக்குக் கேட்காது. அவருக்கோ அந்த இரைச்சலுக்குள்ளேயே ஆயிரம் சங்கதி கேட்கும். வாசலில் நின்று யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார். திடீரென்று பாதிப் பேச்சில் திரும்பி உள்ளே ஓடுவார். "என்னண்ணே?" என்று கேட்டால், "கல்லு சூடாகுது" என்பார். கை வைத்துப் பார்த்தால் சூடாகத்தான் இருக்கும். கோதுமை சரியாகக் காயவில்லை, பெல்ட் தளர்ந்துவிட்டது, மாவு நைசாக விழவில்லை, எல்லாமே அவருக்குச் சத்தத்தில் தெரியும்.

மேலே தானியம் கொட்டுகிற பெட்டி காலியாகிவிட்டால் கேட்கவே வேண்டாம். அரைக்க ஒன்றும் இல்லாமல் கல்லும் கல்லும் உரசிக் கத்தும். சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடிவந்து ஸ்விட்சை அணைப்பார். "வெறும் கல்லை ஓட விடாதீங்க. வெறும் கல்லுதான் ரொம்பக் கத்தும்" என்று எனக்கும் அண்ணிக்கும் படித்துப் படித்துச் சொல்வார். நான் தராசு மேசையில் உட்கார்ந்து எடை போடுவேன். அண்ணி மாவைச் சலித்துப் பையில் கட்டுவார். எங்கள் மூன்று பேருக்கும் புருவம்வரை எப்போதும் வெள்ளையாகவே இருக்கும். சோப்பு போட்டாலும் மாவு வாசனை போகாது.

அந்தக் காதை வைத்துத்தான் அவர் பிழைத்தார். அதே காதை நம்பித்தான் தம் மகளின் படிப்பையும் பார்த்துக்கொண்டார்.

அண்ணனைக் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவரும் நானும் படித்தது ஒரே பள்ளிக்கூடம், அதுவும் ஆரம்பப் பள்ளியோடு சரி. அங்கே படிப்பு என்றால் சத்தம். வாத்தியார் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். நாங்கள் எல்லோரும் வாய்ப்பாட்டைக் கோஷ்டியாகக் கத்த வேண்டும். யாருடைய குரல் குறைகிறது என்று அவர் கண்ணைத் திறக்காமலே கண்டுபிடித்து, பிரம்பால் பெஞ்சைத் தட்டுவார். குரல் வந்தால் படிக்கிறான், குரல் வராவிட்டால் தூங்குகிறான். எங்களுக்குத் தெரிந்த கல்வி அவ்வளவுதான். அதற்கு மேலே உள்ள படிப்பு வேறு மாதிரி இருக்கும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

அண்ணனுக்கு ஒரே மகள். மில்லுக்குப் பின்னால்தான் வீடு. மில்லுக்கும் அவள் படிக்கிற அறைக்கும் நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு சின்ன ஜன்னல். சாயங்காலம் மில்லை நிறுத்தியதும் அண்ணன் அந்த ஜன்னலுக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பெல்ட்டைத் துடைப்பார், சல்லடையைத் தட்டுவார். உள்ளே அவள் படிக்க வேண்டும். படிப்பது அவருக்குக் கேட்க வேண்டும். வருஷக்கணக்காக மில்லில் நின்றதில் அவருக்குச் சின்னச் சத்தமெல்லாம் மந்தமாகிக்கொண்டு வந்தது. கல் பேசுவது கேட்கும், மனுஷர் மெதுவாகப் பேசுவது கேட்காது. அதனால் அவள் தொண்டையைத் திறந்து படித்தாள். கணீரென்ற குரல். தெருக்கோடிவரை போகும். எதிர்த்தாற்போல் சைக்கிள் கடை வைத்திருந்தவர் அவளுக்கு "ரேடியோ" என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

"மில்லு அண்ணே, இன்னைக்கு ரேடியோ இன்னும் போடலையே?" என்பார்.

"இப்பதான் பள்ளிக்கூடத்துல இருந்து வந்துச்சு. ஒரு வாய் சாப்பிடட்டும்யா" என்பார் அண்ணன், முகமெல்லாம் பெருமையாக.

அவள் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது மில் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து பிரித்துப் போட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள். இந்தக் கம்பி ஏன் சுற்றியிருக்கிறது, அது ஏன் கறுத்துப்போனது, இது சுற்றினால் கல் ஏன் சுற்றுகிறது. அந்த மனிதருக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

"அண்ணே, உங்க பொண்ணு என் வேலைக்கு உலை வைக்கும்போல இருக்கே. இதுக்குன்னே படிப்பு இருக்கு. கணக்குல நல்ல மார்க் எடுத்தா தொழில்நுட்பக் கல்லூரியில கரண்டு படிப்புல சேத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, நான் கரண்டு படிப்புத்தான் படிப்பேன்." அண்ணனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மாவு அரைக்க வருகிறவர்களிடமெல்லாம், "இனி என் மோட்டாருக்கு என் பொண்ணுதான் டாக்டர்" என்று சொல்ல ஆரம்பித்தார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வாய்க்காத ஒன்று அவளுக்கு வாய்க்கட்டும் என்று நானும் தினமும் ஆண்டவனிடம் கேட்டேன்.

ஒன்பதாவது போனதும்தான் வந்தது வினை. சின்ன வகுப்புப் பாடங்களை வாய்விட்டுப் படித்துவிடலாம். சரித்திரம், செய்யுள் எல்லாம் அப்படியே நாக்கில் ஏறும். பெரிய வகுப்புக் கணக்கு அப்படி இல்லையாம். பேசாமல் உட்கார்ந்து, காகிதத்தில் போட்டு, தப்பென்று அடித்து, மறுபடி போட்டு, யோசித்து யோசித்துத்தான் வருமாம். இதெல்லாம் பிறகு எங்களுக்குத் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், ஜன்னல் வழியாக வந்த சத்தம் நின்றுவிட்டது என்பதுதான்.

அண்ணன் சல்லடையைக் கீழே வைத்தார். "என்னம்மா, சத்தத்தையே காணோம்?"

"கணக்குப் போடறேம்பா."

"கணக்கையும் வாய்விட்டுப் படிச்சுக்கிட்டே போடு. வாயில வந்தாத்தான் மண்டையில நிக்கும்."

"வாய்விட்டுப் படிச்சா யோசிக்க முடியலப்பா."

"யோசிக்கிறேன் யோசிக்கிறேன்னு அப்படியே தூங்கிருவே. நானும் படிச்சவன்தாம்மா, எனக்குத் தெரியாதா?"

அவள் மறுபேச்சுப் பேசுகிற பிள்ளை இல்லை. படித்தாள். "ஒரு தொட்டியை ஒரு குழாய் ஆறு மணி நேரத்தில் நிரப்பும். மற்றொரு குழாய்..." கேள்வியை வாசிப்பாள். அதற்குப் பிறகு யோசிக்க வேண்டுமே, குரல் நிற்கும். குரல் நின்றதும் வெளியிலிருந்து "ம்ம்?" என்று ஒரு சத்தம் வரும். உடனே மறுபடி முதலிலிருந்து, "ஒரு தொட்டியை ஒரு குழாய்..." இப்படியே ஒரு சாயங்காலம் முழுக்க அந்தத் தொட்டிக்குள் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் சைக்கிள் கடைக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். "ஏம்மா ரேடியோ, நேத்து அந்தத் தொட்டி நிறைஞ்சுதா இல்லையா? என் வீட்டுக்காரி ராவெல்லாம் கவலைப்பட்டா."

எல்லோரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். அவள் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் போய்விட்டாள். அந்தத் தொட்டி கடைசிவரை நிறையவில்லை என்பது அவளுக்குத்தானே தெரியும்?

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கணக்கு நேரத்திலும் சரித்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு கணீரென்று படிப்பாள். ஏற்கெனவே தலைகீழாகத் தெரிந்த பாடம். வாய் பாட்டுக்குச் சொல்லும். அண்ணி ஒருநாள் தண்ணீர் கொண்டுபோனவர் பார்த்திருக்கிறார். வாய் ராஜாக்கள் சண்டையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, விரல் மேசைமேல் படிந்த மாவில் மோட்டார்போல ஏதோ வட்டம் வட்டமாக வரைந்துகொண்டிருக்கிறது.

"இங்க பாருங்க, அவ வாய் ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம் இருக்கு. கொஞ்ச நேரம் சும்மா விடுங்களேன் அதை" என்றார் அண்ணி.

"நீ சலிக்கிற வேலையைப் பாரு. படிப்பைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியாது. உங்களுக்கு மட்டும் ரொம்பத் தெரியுமாக்கும்?" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். அண்ணனுக்கு முணுமுணுப்பு காதில் விழாது. அதனால் அந்த வீட்டில் நல்ல வார்த்தைகள் பலவும் அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்ததில்லை.

அவர் பாசம் இல்லாதவர் என்று மட்டும் யாரும் நினைத்துவிடக்கூடாது. மகளுக்குத் தொண்டை கட்டிவிடும் என்று தினமும் அவரே வெந்நீர் வைத்து, தேன் விட்டு, ஆற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பார். டம்ளர் விளிம்பில் மாவு ஒட்டியிருக்கும். அவள் அதைத் துடைக்காமலே குடிப்பாள்.

பத்தாவது வகுப்பு பாதி போயிருக்கும். ஒரு சனிக்கிழமை, கோதுமை டின்னோடு ஒரு அம்மாள் மில்லுக்கு வந்தார். எளிமையான புடவை, தோளில் பை. டின்னைத் தராசில் வைத்துவிட்டு அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். மில்லை நிறுத்திய பிறகு, "நீங்கதானே பத்தாவது படிக்கிற பொண்ணோட அப்பா? நான் அவளுக்குக் கணக்கு டீச்சர்" என்றார்.

அண்ணன் பதறிப்போய் ஸ்டூலைத் துண்டால் துடைத்தார். துண்டிலும் மாவு. துடைக்கத் துடைக்க ஸ்டூல் இன்னும் வெள்ளையாயிற்று. "உக்காருங்க டீச்சர், உக்காருங்க."

"பரவாயில்ல ஐயா. பெத்தவங்க கூட்டத்துக்கு எத்தனை தடவை சொல்லி அனுப்பினேன், நீங்க வரவே இல்லையே."

"நான் அங்க வந்து என்ன பேசப்போறேன் டீச்சர்? உடம்பெல்லாம் மாவு. எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அங்க வர்றவங்க எல்லாம்..."

"அங்க வர்றவங்கள்ல மீன் விக்கிறவங்க இருக்காங்க, பஸ் ஓட்டறவங்க இருக்காங்க. பிள்ளையைப் பத்திப் பேச அப்பாவா இருந்தா போதாதா?" என்று சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "உங்க பொண்ணு கெட்டிக்காரி. கரும்பலகையில நான் ஒரு கணக்கைப் போட்டா பாதியிலயே பிடிச்சுக்கறா. ஆனா தானா போடச் சொன்னா நின்னுபோறா. வீட்டுல போட்டுப் பழகினதே இல்லாத மாதிரி இருக்கு. வீட்டுல படிக்கிறாளா?"

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "படிக்கிறாளாவா? தெருவையே கேட்டுப் பாருங்க டீச்சர். விளக்கு வெச்சா வாய் மூடமாட்டா. இந்தா, என் தங்கச்சி உக்காந்திருக்கா, கேளுங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். பொய் இல்லையே, படித்தாளே.

டீச்சர் சுவரிலிருந்த சின்ன ஜன்னலைப் பார்த்தார். "சத்தமாப் படிக்கிறது சில பாடத்துக்குச் சரி ஐயா. கணக்குக்கு அமைதி வேணும். தப்பாப் போடவும் நேரம் வேணும். நீங்க ஒண்ணும் சொல்லிக்கொடுக்க வேணாம். இன்னைக்கு எது புரியலைன்னு ஒரு கேள்வி கேளுங்க, போதும். அவ சொல்றது உங்களுக்குப் புரியணும்னுகூட இல்ல. சொல்லிப் பாக்கும்போது எங்க முட்டுதுன்னு அவளுக்கே தெரிஞ்சிரும்."

அண்ணன் தலையை ஆட்டினார். எவ்வளவு காதில் விழுந்ததோ தெரியாது.

"இன்னொண்ணு. சாயங்காலம் பள்ளிக்கூடத்துல ஒரு வகுப்பைத் திறந்து வெச்சிருக்கேன். பத்துப் பிள்ளைங்க உக்காந்து கணக்குப் போடுதுங்க. நானும் இருப்பேன். இவளையும் அனுப்புங்க."

உள்வாசலில் அவள் நின்றிருந்தாள். கதவு மறைவில் பாதி முகம்தான் தெரிந்தது. அந்தப் பாதி முகத்தில் அவ்வளவு ஆசை இருந்தது.

டீச்சர் மாவை வாங்கிக்கொண்டு போனதும் ஓடிவந்தாள். "போகட்டுமாப்பா?"

அண்ணன் ஒரு தராசுக் கல்லைத் தூக்கிப் பார்த்தார், வைத்தார். "அங்க பத்துப் பிள்ளைங்க ஒண்ணா உக்காந்தா படிப்பாங்களா, கதை அடிப்பாங்களா? யார் கண்டா? இங்கன்னா எனக்குக் காதுல கேக்குது. என் மனசுக்கு ஒரு நிம்மதி."

"டீச்சர் இருப்பாங்கப்பா."

"டீச்சருக்கு நூறு பிள்ளை. எனக்கு நீ ஒருத்திதானேம்மா."

அன்போடுதான் சொன்னார். அதுதான் கொடுமை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் அழுது அடம்பிடித்தாவது போயிருப்பாள். அன்புக்கு எதிராக ஒரு பிள்ளை என்ன செய்யும்? உள்ளே போனாள். சற்று நேரத்தில் குரல் வந்தது. முன்னைவிடச் சத்தமாகவே வந்தது. டீச்சர் சொன்னதில் அண்ணன் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், மகள் கணக்கில் பின்தங்கியிருக்கிறாள் என்பது. அதற்கு அவருக்குத் தெரிந்த மருந்து இன்னும் அதிகச் சத்தம். அந்த வாரமே ஸ்டூலை ஜன்னலடியிலிருந்து தூக்கி, அவள் அறை வாசலிலேயே போட்டுக்கொண்டார். வெந்நீரும் தேனும் ஒரு வேளைக்கு இரண்டு வேளையாயிற்று.

பரீட்சை வந்தது. நான் அந்த நாட்களில் விரதம் இருந்தேன். அண்ணன் மில்லைத் திறக்காமல் அவளோடு பள்ளிக்கூட வாசல்வரை போய், அவள் வெளியே வரும்வரை மரத்தடியில் நின்றார். உள்ளே மட்டும் போகவில்லை.

முடிவு வந்த அன்றைக்கு அவள் தோழியோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மற்ற எல்லாவற்றிலும் நல்ல மார்க். சரித்திரத்தில் வகுப்பிலேயே முதல். கணக்கில் பெயில்.

சைக்கிள் கடைக்காரருக்கு எப்படித்தான் தெரிந்ததோ. "என்ன மில்லு அண்ணே, ரேடியோவுக்கே பேட்டரி தீந்துபோச்சா?" என்று கத்தினார். வழக்கமான கேலிதான். அண்ணன் கையிலிருந்த மாவு அள்ளும் கரண்டியை ஓங்கிவிட்டார். அதுவரைக்கும் அவர் யாரிடமும் கை ஓங்கி நான் பார்த்ததில்லை. அந்த மனிதரும் பயந்து, "தப்பாச் சொல்லிட்டேண்ணே, மன்னிச்சிருங்க" என்று கடைக்குள் போய்விட்டார்.

மகளிடம் அண்ணன் கோபப்படவில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "இவ்வளவு படிச்சியேம்மா. என் காதால கேட்டேனே" என்றார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

அவள் அழுகை நின்றுபோயிருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் படிச்சது உங்களுக்குக் கேட்டுச்சுப்பா. எனக்குத்தான் கேக்கல. சத்தம் நின்னா கூப்பிடுவீங்க. நீங்க கூப்பிடாம இருக்கணுமேன்னுதான் படிச்சேன்."

மெதுவாகச் சொன்னாள். வழக்கமாக அவருக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாக. ஆனால் அது கேட்டுவிட்டது.

மறுநாள் மில் ஓடியது. கடைசி மூட்டை கொட்டி முடிந்து மேல்பெட்டி காலியானது. கல் கத்த ஆரம்பித்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். இதோ ஓடுவார், இதோ ஓடுவார் என்று பார்த்தேன். அவர் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அசையவில்லை. கருகின வாசனை வரத் தொடங்கியது. அண்ணிதான் பதறி ஓடிவந்து ஸ்விட்சைத் தட்டினார். "என்ன, காது சுத்தமாப் போயிருச்சா உங்களுக்கு? வெறும் கல்லு ஓடுது!"

இரைச்சல் அடங்கிய பிறகும் அவர் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெறும் கல்லுதான் ரொம்பக் கத்தும்" என்றார். "வருஷம் பூரா கேட்டுக்கிட்டே இருந்திருக்கேன். எனக்கு உறைக்கலையே."

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் தராசுக் கற்களை எடுத்து அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன்.

மறுபடி பரீட்சை எழுத அவளை அண்ணனே சாயங்கால வகுப்புக்கு அனுப்பினார். எழுதினாள், பாஸும் செய்தாள். ஆனால் அந்தக் கல்லூரி கேட்கிற மார்க் வரவில்லை. ஒரு முறை மனசு விட்டுப்போனால் பிள்ளைகளுக்குத் தைரியம் திரும்பி வர நாளாகும். நாம் அந்த நாளைக் கொடுத்தாலும் பள்ளிக்கூடம் கொடுக்காது. துணிக்கடையில் பில் போடுகிற வேலைக்குச் சேர்ந்தாள். நல்ல இடத்தில் கல்யாணமும் ஆயிற்று. குறை என்று சொல்ல அவளுக்கு ஒன்றும் இல்லை. கேட்டாலும் சொல்லமாட்டாள்.

அவள் கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை மோட்டார் மறுபடி எரிந்துபோனது. அதே மெக்கானிக் வந்து பிரித்துப் போட்டார். கம்பியெல்லாம் வெளியே கிடந்தது. அவள் டீ கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். "என்னம்மா, டாக்டர் படிப்பு என்னாச்சு?" என்று அந்த மனிதர் தெரியாமல் கேட்டுவிட்டார். அவள் லேசாகச் சிரித்தாள். கீழே கிடந்த கம்பிச் சுருளைக் கால் படாமல் தாண்டி உள்ளே போய்விட்டாள். அண்ணன் முகத்தை அன்றைக்கு என்னால் பார்க்க முடியவில்லை.

அதற்கப்புறம் ஒருநாள் அண்ணன் எண்ணெய் தேய்த்துக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, சலித்த மாவு ஒரு பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டால் சொல்லவில்லை. சீக்கிரமே திரும்பிவிட்டார். பை கையிலேயே இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் அவர் நுழைந்தது அதுதான் முதல் தடவை. டீச்சர் மாற்றலாகி வேறு ஊருக்குப் போய் வெகுநாள் ஆயிற்றாம். "வாட்ச்மேன் கேட்டான், உங்க பிள்ளை எந்த வகுப்புன்னு. நான் என்னத்தைச் சொல்ல?" என்றார்.

இப்போது மில் இல்லை. மில் இருந்த இடத்தில் யாரோ பாத்திரக் கடை வைத்திருக்கிறார்கள். அண்ணனுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினால்தான் கேட்கும். பேத்தி பெரிய வகுப்பு படிக்கிறாள். அவர்கள் வீட்டுப் பக்கம் ஒரே கட்டட வேலை என்று, சாயங்காலம் படிக்க இங்கே வந்துவிடுவாள். மகள் வேலை முடிந்து வந்து கூட்டிக்கொண்டு போவாள். பேத்தி கணக்குப் போடும்போது அண்ணன் எதிரில் உட்கார்ந்து அவள் பென்சிலையே பார்ப்பார். பென்சில் நின்றால் அவருக்கு வாய் துறுதுறுக்கும். ஒருமுறை மறந்துபோய், "என்னம்மா, சத்தத்தையே..." என்று தொடங்கிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தி, தெருச் சத்தம் உள்ளே வராமல் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவள் முடித்ததும், "எது முட்டிச்சு இன்னைக்கு?" என்று கேட்பார். அவள் அவர் காதருகே வந்து சொல்வாள். அவருக்கு ஒன்றும் புரியாது. இருந்தாலும் கடைசிவரை கேட்பார். பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "அட, விடுங்க தாத்தா, தெரிஞ்சுபோச்சு" என்று ஓடிவிடுவாள்.

மகள் இதையெல்லாம் வாசலில் நின்று பார்ப்பாள்.

எனக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு. எங்கள் வீட்டில் விளக்கேற்றியதும் எல்லோரும் உட்கார்ந்து ஜெபம் சொல்வோம். சின்ன வயதில் அவள்தான் முதலடி எடுத்துக் கொடுப்பாள். அந்தக் குரலுக்கு வீடே நிறையும். பரீட்சை முடிவு வந்த அன்றையிலிருந்து அவள் ஜெபத்தில் வாய் திறந்ததில்லை. கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். போன வாரம் பேத்தியைக் கூட்டிப்போக வந்தவளைப் பிடித்து உட்கார வைத்தோம். எனக்கு மனசு கேட்கவில்லை.

"எவ்வளவு நல்ல குரல் உனக்கு! இன்னைக்கு ஒரு நாள் வாயைத் திறந்து சொல்லேன்மா" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனசுக்குள்ள சொன்னா ஆண்டவனுக்குக் கேக்காதா அத்தை?"

அண்ணன் எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னவாம்? என்ன சொல்றா?"

அண்ணிதான் அவர் காதருகே குனிந்து, "மனசுக்குள்ளயே சொல்லிக்கிறாளாம்!" என்று கத்தினார்.

அண்ணன் மகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "சொல்லட்டும். அவ பாட்டுக்குச் சொல்லட்டும். யாரும் அவளைக் கூப்பிடாதீங்க" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு யாரும் முதலடி எடுக்கவில்லை. எல்லோரும் வாய் திறக்காமலே ஜெபித்துவிட்டு எழுந்தோம்.